கோபித்துக்கொண்டு போக முடியாத தீவு

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. மாப்பிள்ளை என்னோடு பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். அவருடைய கல்யாணத்துக்காகப் படகில் ஒரு தீவுக்குப் போனேன். பக்கத்து இருக்கையில் மணப்பெண்ணின் அத்தை. தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். படகில் அவர் பேசியதும் இறங்கியபின் நான் பார்த்ததும்தான் கதை. நானாகச் சேர்த்ததை அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுகிறேன்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: கடல் அன்று அமைதியாக—

அடித்துவிட்டேன். கடலுக்கு இதில் ஒரே ஒரு பங்குதான். அதன் மேல் யாரும் நடந்து போக முடியாது.

2

அத்தையும் அவருடைய தம்பியும், அதாவது பெண்ணின் அப்பாவும், ஒன்பது வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. தம்பி புது வீட்டுக்குக் குடிபோன அன்று அத்தை வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். தம்பி உள்ளே மின்விசிறி மாட்ட வந்தவரோடு பேசிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். வா என்று சொல்லவில்லை. கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு அத்தை திரும்பிவிட்டார்.

அவ்வளவுதானா என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவ்வளவுதான். ஃபேன் மாட்ட வந்தவருக்குக் காபி வந்துச்சு."

இந்தமுறை தம்பி மகள் தானே போன் செய்து அழைத்தாளாம். அப்பா படகுத்துறையிலேயே நின்று எல்லாரையும் வரவேற்பார் என்று சொன்னாளாம்.

"'வாக்கா'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். ஒன்பது வருஷத்தையும் இந்தத் தண்ணியில கொட்டிட்டுப் போயிடுவேன்."

கரை நெருங்கியதும் கைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையைச் சரிசெய்துகொண்டார்.

3

படகுத்துறையில் நீலச் சீருடை அணிந்த பெண்கள், கல்யாண ஏற்பாட்டு நிறுவனத்தின் ஆட்கள், ஆளுக்கொரு குளிர்ந்த துண்டு கொடுத்து "வாங்க வாங்க" என்றார்கள். பின்னால் வந்த ஐஸ் பெட்டிக்கும் ஒரு வாங்க கிடைத்தது.*

ஒரு கம்பத்தில் ஒலிபெருக்கி. அதில் பெண்ணின் அப்பாவுடைய குரல், முன்பே பதிவு செய்தது: "சொந்தக்காரங்க, நண்பர்கள் எல்லாரும் வாங்க. உங்க வீடு மாதிரி நினைச்சுக்கோங்க." முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து.

கம்பத்தடியில் அவரே நின்றார். அக்காவைப் பார்த்தார். வேகமாக வந்து அவர் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"பெட்டி இது மட்டும்தானா?"

சொன்னது அது ஒன்றுதான். பெட்டியோடு நடக்கத் தொடங்கினார். அத்தை பின்னாலேயே போய்ப் பெட்டியைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டு, படகுக்காரரிடம் எப்போது திரும்புவீர்கள் என்று கேட்டார். சாயங்காலம்தான் என்றார் அவர்.

கோபித்துக்கொண்டு போவதற்கு ஒரு தெரு வேண்டும். பின்னாலேயே ஓடிவர நாலு பேர், வழிமறிக்க ஒரு சித்தப்பா, ஏறுவதுபோல் ஏறாமல் நிற்க ஒரு ஆட்டோ. நம் கல்யாணங்களில் பாதிச் சமாதானம் அந்தத் தெருவில்தான் நடக்கிறது. இங்கே தெரு இல்லை. அத்தை பெட்டியைக் கம்பத்தடியில் படுக்கவைத்து அதன் மேல் உட்கார்ந்தார்.

* இது நான் சேர்த்ததல்ல. ஐஸ் பெட்டியைத் தூக்கிவந்தவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

4

முதல் வரைவில் தம்பியைத் திமிர் பிடித்தவராக எழுதியிருந்தேன். எழுத வசதியாக இருந்தது, உண்மையாக இல்லை.

மணப்பெண் பாதி அலங்காரத்தில், தலை நிறைய ஊசிகளோடு, படகுத்துறைக்கே வந்து அத்தையைக் கூப்பிட்டாள்.

"உன் மேல எனக்கென்னடி கோபம்? போய்த் தலைய முடி."

அவள் நேராக அப்பாவிடம் போனாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அத்தை எதற்காகக் காத்திருக்கிறார் என்று சொன்னாள். அவர் உண்மையிலேயே திகைத்துப்போனார்.

"சொந்த அக்காவ யாராவது வான்னு கூப்பிடுவாங்களா? அது வெளியாளுக்குச் சொல்றது. அவ எடத்துக்கு அவ வர்றா."

"அவங்களுக்கு அது வேணும்ப்பா. சொல்லிடுங்க."

வெகுநேரம் கையிலிருந்த துண்டை மடித்துக்கொண்டே இருந்தார்.

"நீ சொல்லி நான் சொன்னா, அது நான் சொன்னதாகுமா? அவளுக்குத் தெரிஞ்சிடும்."

மகள் அலங்காரத்தை முடிக்கத் திரும்பிப் போனாள். அந்தக் கேள்வி இன்றுவரை என்னோடு இருக்கிறது.

5

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

தம்பி ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிறார். படித்துப் பார்த்தால் பிஸ்கட் விளம்பரம்.

அத்தை விழுங்கிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்கிறார். அவர் உட்கார மாட்டார். படகில் பார்த்த எனக்குத் தெரியும்.

திடீரென்று காற்று—

வேண்டாம்.

6

நடந்தது இது.

கல்யாணம் முடிந்தது. அத்தைக்குப் போன சாப்பாட்டுத் தட்டு அப்படியே திரும்பி வந்தது. நிழலில் பெஞ்சு இருக்கிறது, அங்கே உட்காருங்கள் என்று படகுக்காரர் இரண்டு தடவை சொன்னார். அத்தை தலையை ஆட்டிவிட்டு வெயிலிலேயே, கம்பத்தடியிலேயே இருந்தார். பிடிவாதம் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒலிபெருக்கியை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருந்த அத்தை, தம்பியின் குரல் தொடங்கும்போதெல்லாம் விசிறுவதை நிறுத்தினார். முடிந்ததும் மறுபடி விசிறினார்.

சாயங்காலம் தம்பி தனியாக வந்தார். அண்ணாந்து கம்பத்தைப் பார்த்தார். [நாள் முழுக்கத் தன் குரல் அக்காவைக் கேலி செய்துகொண்டிருந்ததாக அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். இனியாவது அவளை விடட்டும் என்று நினைத்திருக்க வேண்டும்.] பிளக்கைப் பிடுங்கினார். வயரை முழங்கையில் பொறுமையாகச் சுற்றினார்.

குரல் நின்றதும் அத்தை ஒலிபெருக்கியைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். எழுந்து பெட்டியை எடுத்துக்கொண்டார்.

7

கம்பத்துக்கும் படகுக்கும் நடுவே சில அடிகள். அத்தை நடக்கிறார். தம்பி கையில் வயரோடு நிற்கிறார். அவர் பேசுவதற்கு இங்கே இடம் விட்டிருக்கிறேன்:

"                    "

படகுக்காரர் கயிற்றை அவிழ்க்கக் குனிந்துவிட்டார். நிரப்ப முடிந்தவர்கள் நிரப்புங்கள். நான் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு அவர் என்னைத்தான் திரும்பிப் பார்க்கிறார். நீங்கள் எழுதிக் கொடுத்தாலும், அது நீங்கள் சொல்லி அவர்—