முப்பத்தொன்று என்றால் சிவப்பு

தாராவியில் கரீம் பாட்சாவின் தோல் பைக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்த 1988ஆம் ஆண்டை ஷ்யாமளா இன்றும் நிறங்களாகவே நினைவில் வைத்திருக்கிறாள்: கறுப்புத் திரையில் சிவப்பு, பச்சை, பழுப்பு. மாட்டுங்காவிலிருந்து பஸ்ஸில் வந்து அந்த ஒரே கம்ப்யூட்டருக்குக் கட்டளைகள் தட்டுவதுதான் அவளுக்கு வேலை. அதில் படங்கள் கிடையாது. ஒரு சிறு கோடு கண்சிமிட்டியபடி காத்திருக்கும். மனிதர்தான் எதையாவது தட்டிப் பேச்சைத் தொடங்க வேண்டும்.

எழுத்துகளுக்கு நிறம் கொடுக்க அதில் டிரைவர் என்ற குட்டி நிரல் ஒன்று இருந்தது. எண் போட்ட பைக்கட்டுகளின் பட்டியலை அதன் தயவால்தான் ஷ்யாமளா வண்ணத்தில் காட்டினாள். இன்றே கட்டி அனுப்ப வேண்டியது சிவப்பு, கட்டி முடித்தது பச்சை, தையலில் இருப்பது மஞ்சள். மஞ்சள் என்பது பெயருக்குத்தான். திரையில் அது தோலின் பழுப்பாகவே தெரியும். பட்டறையில் சாக்பீஸால் போடும் அடையாளங்களும் இதே நிறங்கள்தாம்.

இந்த ஏற்பாடெல்லாம் மதீனா பீவிக்காக. பதினோரு வருடம் பசை மேஜையில் இருந்து இருமலை வாங்கிக்கொண்டவள் அவள். பட்டியலைப் பார்த்து ஆட்களை ஏவ ஒருவர் வேண்டும், இங்கிலீஷ் யாருக்குத் தெரியும் என்று முதலாளி கேட்டபோது, "எனக்குத் தெரியும்" என்று முந்திக்கொண்டாள். தெரியாது. எண்கள் மட்டும் தெரியும். அது ஷ்யாமளாவுக்கு மட்டும் தெரியும்.

புதிய ஸ்டாக் புரோகிராம் போட வெங்கடேஸ்வரன் வந்தது ஒரு வியாழக்கிழமை. செம்பூர்க்காரன், பூப்போட்ட சட்டை, கையில் பிளாப்பி டப்பா. சாப்பாட்டு நேரத்துக்குள் இரண்டு முறை முயன்றும் நினைவகம் போதவில்லை என்று கம்ப்யூட்டர் மறுத்துவிட்டது.

"இந்தக் கலர் டிரைவர் எதுக்கு மேடம்? இனிமே வர்ற புரோகிராம் எல்லாம் தானே கலர் போட்டுண்டுடும். இது சும்மா எடத்தை அடைச்சுண்டு உக்காந்திருக்கு. கோலி மாரோ, தூக்கிப் போட்டுடலாம்!"

"இல்லை… ஒரு சின்ன உபயோகம்… தப்பா எடுத்துக்கப்படாது…" என்று ஷ்யாமளா இழுத்தாள்.

"என்ன உபயோகம்?"

இரண்டடி தள்ளி முதலாளி நின்றிருந்தார். உண்மையைச் சொன்னால் பீவி பசை மேஜைக்குத் திரும்ப வேண்டியதுதான். "பார்க்க நன்னாயிருக்கும்" என்றாள்.

"அழகுக்கா! கம்ப்யூட்டருக்குப் பொட்டு வச்சுப் பார்க்கறேளா?" என்று சிரித்தபடி, கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் டிரைவரை அழைக்கும் அந்த ஒரு வரியை அவன் அழித்தான். புதிய புரோகிராம் சமர்த்தாக ஓடியது.

ஷ்யாமளா பட்டியலைக் கேட்டுத் தட்டினாள். எல்லா வரியும் வெள்ளை. நிறம் கொடுக்க அவள் வரிக்கு வரி தட்டியிருந்த குறிகளை டிரைவர் இத்தனை நாள் விழுங்கி மறைத்திருந்தது. இப்போது அவை வெளியே வந்துவிட்டன. ஒவ்வொரு வரிக்கு முன்னும் ஓர் அம்பு, ஓர் அடைப்புக்குறி, ஓர் எண்.

அந்த நேரம் பார்த்து முதலாளி குரல் கொடுத்தார். "ஏ மதீனா! நாலு மணிக்கு வண்டி வந்துரும்லா? இன்னும் கட்டாம கெடக்கது எதெதுன்னு பாத்துச் சொல்லு. ஜல்தி!"

பீவி திரைக்கு முன் வந்து நின்றாள். ஷ்யாமளா, தான் செய்யாத குற்றத்துக்கும் மன்னிப்புக் கேட்கும் சுபாவக்காரி. "மன்னிச்சுக்கோங்கோ மாமி" என்று முணுமுணுத்தாள். பீவியின் விரல் மேலிருந்து கீழே மெல்ல நகர்ந்தது. ஓரிடத்தில் நின்றது. மறுபடி மேலே போயிற்று.

"என்னளா, தூங்கிட்டியா?"

"இரிங்க மொதலாளி, எழுத்து பொடிசா இருக்கு. இருநூத்திப் பதினாலு. பொறவு… இருநூத்தி அறுவத்திமூணு. அம்புட்டுத்தான்."

ஷ்யாமளாவுக்கு மூச்சு வந்தது. இருநூற்றுப் பதினான்கு காலையிலேயே சிவப்பு. அது பீவிக்கு நினைவிருக்கலாம். ஆனால் இருநூற்று அறுபத்துமூன்றைச் சற்றுமுன்தான் ஷ்யாமளா சிவப்பாக்கியிருந்தாள். பீவி அதை நிறமாகப் பார்க்கவே இல்லை.

முதலாளி திருப்தியோடு மாடிப்படி இறங்கிப் போனார்.

"எப்படி மாமி?" என்று ஷ்யாமளா கிசுகிசுத்தாள்.

"பதினாலு செவப்புன்னு தெரியும். அதுக்கு முன்னால முப்பத்தொண்ணுன்னு கெடக்கு. கீழ பாத்தா அறுவத்திமூணுக்கு முன்னாலயும் அதே முப்பத்தொண்ணு. வேற என்னத்த இருக்கப்போவுது? பச்சைக்கு முப்பத்திரெண்டு. மஞ்சளுக்கு முப்பத்திமூணு. இத போயி ஒளிச்சு வச்சிருந்தியாக்கும்!"

டீ கிளாஸும் கையுமாக வெங்கடேஸ்வரன் பின்னால் நின்றிருந்ததை இருவரும் அப்போதுதான் கண்டார்கள்.

"அப்போ வாசிக்கலை, இல்லையா?" என்றான்.

பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "யாருகிட்ட வேணா சொல்லு தம்பி, மொதலாளிகிட்ட மட்டும் சொல்லிராத. அந்தப் பசை நாத்தத்துல இனி ஒரு நாள் இருந்தாலும் என் நெஞ்சு தாங்காது."

அவன் முகத்தில் கேலி மறைந்தது. ஷ்யாமளாவிடம் திரும்பினான். "முன்னாடியே சொல்லப்படாதா மேடம்?"

"உங்களுக்குச் சிரமமா இருக்குமோன்னு…"

"சிரமமாம்!" டப்பாவிலிருந்து ஒரு பிளாப்பியை எடுத்து, அழித்த வரியை அதில் எழுதினான். இதைச் செருகி ஆன் செய்தால் நிறம் வரும். எடுத்துவிட்டு ஆன் செய்தால் புதிய புரோகிராம் வரும். "ஆனா ஒண்ணு கேக்கறேன் மாமி. நம்பரே புரிஞ்சுடுத்தே. இனிமே கலர் எதுக்கு?"

பீவி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ஒன் சட்டைக்கு எதுக்குப் பூவு? வெள்ளையா போட்டுட்டு வரவேண்டியதுதான?"

அந்தக் கம்ப்யூட்டர் கைமாறிப் போகும்வரை இரண்டு வருடம், தினமும் காலையில் ஷ்யாமளா அந்தப் பிளாப்பியைச் செருகினாள். கறுப்பிலிருந்து நிறங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். பீவி இடுப்பில் கைவைத்து ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, பட்டறைப் பக்கம் திரும்பிக் கத்துவாள்: "ஏலே, முப்பத்தொண்ணு ரெண்டு கெடக்கு, தூக்குங்கலே!"

கட்டு கட்டுகிறவர்களும், ஏன் என்று கேளாமலே, சிவப்பு சாக்பீஸை முப்பத்தொண்ணு என்று அழைக்கத் தொடங்கியிருந்தார்கள்.