துளசி வைத்த சட்டை

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. குடியாத்தம் பஸ்ஸில் மாம்பழக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது என் சட்டையில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. ஓட்டச் சோம்பலாக இருந்தது. இறங்குவதற்குள் கதை வந்துவிட்டது.

முதல் வரி: மாதனூர் மாந்தோப்பில் தென்றல் தன் மெல்லிய விரல்களால்...

வேண்டாம். காற்றடித்தால் தோல் பதனிடும் ஷாப்பு வாடை வரும் ஊர். எனக்கே சிரிப்பு வருகிறது.

2

ஐம்பத்தாறாம் வருஷம், சித்திரை. மாதனூரில் சுப்பராயனின் மாந்தோப்பு. விவசாய இலாகாவில் வேலை பார்க்கும் செங்கல்வராயன் அங்கே கிளைக்குக் கிளை பாட்டில் கட்டியிருந்தான். உள்ளே கசக்கிய துளசி, கொஞ்சம் மருந்து. அந்த வாசத்துக்குப் பழ ஈயில் ஆண்கள் மட்டும் மயங்கி வந்து விழும்.

(பழத்தைக் குத்தி முட்டையிடுவது பெண் ஈ. அது வராது. ஆனால் ஆண்கள் விழுந்தால் பெண்களும் தோப்பில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். கல்யாண வீட்டு வாசலில் செருப்பைப் பார்த்துக் கூட்டத்தை மதிப்பிடுவோமே, அப்படி.)

வாராவாரம் வந்து பார்த்தான். எல்லாப் பாட்டிலிலும் வெறும் துளசி. சுப்பராயனுக்குத் தலைகால் புரியவில்லை. ஈ இல்லையென்றால் தோப்புக் காய் முழுவதையும் எடுத்துக்கொள்வதாக ஆம்பூர் வியாபாரி ரஷீத் அஹமது சொல்லியிருந்தார். காய் விலைபோனால்தான் மகள் பங்கஜத்துக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வேறு யாருமில்லை, பாட்டில் கட்டியவனேதான்.

3

பெண் பார்க்கும் நாள், தோப்பு வீட்டுத் திண்ணை. பங்கஜம் தலையைக் குனிந்தபடி...

[மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். குனிய மாட்டேன் என்கிறாள். போகட்டும்.]

செங்கல்வராயனின் அம்மா பெருமாள் கோயில் துளசியை மகனின் சட்டைப் பையில் வைத்து அழைத்து வந்திருந்தாள். நல்ல காரியத்துக்குப் போகிற பிள்ளைக்கு எந்த அம்மாவும் செய்வதுதான். காய் பார்க்க வந்திருந்த ரஷீத் அஹமது மாப்பிள்ளையை மார்போடு இறுக அணைத்து வாழ்த்தினார். எந்த பாயும் செய்வதுதான். நடுவில் துளசி கசங்கியது.

முதலில் ஒரு ஈ வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு சட்டையில் பொத்தான் எது, ஈ எது என்று தெரியவில்லை.

"இன்னா தம்பி இது? பாட்டில்ல ஒண்ணுகூட இல்லன்னீங்க. உங்க மேல மட்டும் இவ்ளோ ஜாஸ்தியா வருது?" என்றார் ரஷீத்.

சுப்பராயன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

4

செங்கல்வராயன் பொய் சொல்வதாக ஒரு முடிவு எழுதிக் கிழித்துவிட்டேன். அவன் வேலையே ஈ இருந்தால் இருக்கிறது என்று சொல்வதுதான். உண்மையைச் சொன்னால் கல்யாணம் நின்றுவிடும். அதை எழுத எனக்கு மனசு வரவில்லை. நான் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தபோது பங்கஜம் காப்பித் தட்டைக் கீழே வைத்தாள்.

"அவர ஏன் கேக்கறீங்க பாய்? பாட்டில்ல விழுந்தத தினம் வாய்க்கால்ல கொட்டிட்டு, புதுத் துளசி போட்டு வெச்சது நான்தான். ஈ இருந்தா நீங்க காய் எடுக்க மாட்டீங்க. நைனா கல்யாணத்தத் தள்ளிப் போட்ருவாரு. எனக்கு இவர்தான் வேணும்."

சத்தியமாக இந்த வசனத்தை நான் கொடுக்கவில்லை.

"முத்துன காய இப்பவே பறிச்சிட்டா முக்காவாசி தப்பிச்சிரும் பாய்," என்றான் செங்கல்வராயன். பேசியது பாயிடம், பார்த்தது அவளை. மேலிருந்த ஈ ஒன்றைக்கூட அவன் தட்டவில்லை.

5

பதில் சொல்ல ரஷீத் அஹமது வாயைத் திறந்திருக்கிறார். என்ன சொல்வாரென்று எனக்குத் தெரியாது. நீங்களே சொல்லிவிடுங்கள். கொஞ்சம் சீக்கிரம், ரொம்ப நேரம் வாயைத் திறந்து வைத்திருக்கக்கூடிய தோப்பு இல்லை அது.