நீலப்பூச் சரிவு

என் மகள் ரோவீனா பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கப் போனபோது சாலை போடும் எங்கள் குழுவே சிரித்தது. "செத்தவனுக்கெல்லாம் வருகைப் பதிவு எடுக்கப் போறாளா டெல்மர்?" என்றான் ஓர்வல். டீச்சர் ஆவாள், இல்லாவிட்டால் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டி துடைப்பாள் என்றுதான் நானும் நினைத்தேன். அவளோடு படித்தவர்களில் ஒருத்தி வக்கீலுக்குப் படிக்கப் போனாள். ஒருவன் ஆவணக் காப்பகத்தில் சேர்ந்தான். ரோவீனாவுக்குக் கிடைத்தது நான் கேள்விப்பட்டே இராத வேலை. சாலை போடும் முன்பு, அந்த நிலத்தில் பழைய ஆட்கள் விட்டுப்போனது ஏதும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். முதலில் அனுப்பிய இடமே எங்கள் மலை. முன்னால் அவள் நடப்பாள். அவள் சரி என்று சொன்ன பிறகுதான் பின்னால் நான் புல்டோசர் ஓட்ட முடியும்.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. சுரங்கம் மூடியதிலிருந்து இந்தப் பள்ளத்தாக்குக்கு அந்தச் சாலை ஒன்றுதான் பிழைப்பு.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டின்போது சோள ரொட்டியைப் பிட்டுக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, மேல அந்தச் சரிவு பூரா நீலப்பூ படர்ந்திருக்கே, யாரு நட்டது?"

நான் மென்றுகொண்டே இருந்தேன். கல் வாங்க வழியில்லாதவர்கள் கல்லறை மேல் அந்தப் படர்செடியை நடுவது எங்கள் மலை வழக்கம். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

"பழைய சுரங்க விபத்துல போனவங்கன்னு நினைக்கிறேன்பா. அறிக்கைல எழுதித்தான் ஆகணும்."

"எழுதினா வேலை நின்னுடும்."

"நிக்காது. சாலை கொஞ்சம் வளைஞ்சு போகும், அவ்வளவுதான்."

"அது வளையறதுக்குள்ள நம்ம வீட்டக் கொளுத்திடுவானுங்கடி."

அவள் பீன்ஸ் கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

ஊரிலும் அவள் இதையே விசாரித்திருக்கிறாள் போல; மறுநாள் காலை அவள் காரின் முன்கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. இருக்கையில் ஒரு கல். இந்த ஊரில் யாருடைய கை என்று கேட்டுப் பயனில்லை, எல்லோருடைய கையும்தான். எங்கள் மேஸ்திரி ஸ்டாம்பர் வந்து பார்த்தார்.

"பொண்ணப் பத்திரமா பாத்துக்கோ டெல்மர். அடுத்த கல்லு எங்க விழும்னு சொல்ல முடியாது." பிறகு குரலைத் தணித்தார். "நாளைக்கு எல்லாரும் சர்ச்ல இருப்பாங்க. அந்தச் செடிய ஒரே இழுப்புல வழிச்சு விட்டுடு. எழுத ஒண்ணும் இருக்காது. அவளுக்கும் நல்லது."

மற்றதையெல்லாம் விட்டுவிட்டேன். கடைசி வார்த்தை மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

ஞாயிறு காலை மீன் பிடிக்கப் போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். "சரிப்பா, நான் அத்தைகூட சர்ச்சுக்குப் போறேன்" என்றாள்.

மலையில் மூடுபனி இறங்கியிருந்தது. புல்டோசரின் முன்தகடு தெரிந்தது, அதற்கு அப்பால் எல்லாம் வெள்ளை. தகட்டை இறக்கி நகர்ந்தேன். செடி வேரோடு பெயர்ந்து சுருண்டது. சீக்கிரம் முடி, சீக்கிரம் முடி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தகட்டின் ஓரத்தில் ஒரு கம்பி மடங்கி விழுந்தது. அதன் நுனியில் துணித்துண்டு கட்டியிருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொரு கம்பி. அந்தத் துணியில் பச்சைக் கட்டம். முழங்கை கிழிந்து நான் தூக்கிப்போட்ட என் சட்டை அது; கல்லறைகளுக்கு அடையாளமாக ரோவீனா நட்ட கம்பிகள்.

என்ஜினை அணைத்தேன். அணைத்த பிறகுதான் கேட்டது.

"அப்பா! அப்பா! நிறுத்துங்க!"

இறங்கி ஓடினேன். தகட்டுக்கு முன்னால், அங்கிருந்து கை நீட்டினால் தொடும் தூரத்தில், ரோவீனா தொடைவரை மண்ணுக்குள் நின்றுகொண்டிருந்தாள். பழைய சவப்பெட்டி உளுத்து, அவள் மிதித்ததும் மண் உள்வாங்கியிருக்கிறது. ஒரு கால் மாட்டிக்கொண்டது. என் இயந்திரம் வருவதைப் பார்த்துக்கொண்டே கத்தியிருக்கிறாள். என்ஜின் இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

கையால் மண்ணைத் தோண்டி இழுத்தேன். வெளியே வந்ததும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "மீன் கிடைச்சுதா?" என்றாள்.

"உனக்கு ஜெபம் முடிஞ்சுதா?"

"கல்லறைகள அளக்க வர்றேன்னு சொன்னா நீங்க பயப்படுவீங்கன்னுதான் சொல்லல."

"நானும் பயத்துலதான் வந்தேன்."

அவள் சிரிக்கவில்லை. பெயர்ந்து கிடந்த செடியையும் என்னையும் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு, காரில் விழுந்த அந்தக் கல்லே தேவலாம்.

கீழே ஒரு வண்டியின் விளக்கு பனிக்குள் ஏறி வந்தது. ஸ்டாம்பர் கண்ணாடியை இறக்கினார்.

"ஏன் சத்தம் நின்னுபோச்சு? முடிஞ்சுதா?"

புல்டோசர் சாவி என் பையில்தான் இருந்தது.

"முடியல. கீழ ஆளுங்க இருக்காங்க."

"எந்த ஆளுங்க?"

"நம்ம ஆளுங்கதான்" என்றேன்.

வண்டிக் கதவு திறந்தது. ஸ்டாம்பர் இறங்கவில்லை, மூடவும் இல்லை. அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு வண்டிகளின் விளக்கு ஏறிக்கொண்டிருந்தது.

ரோவீனா மடங்கிய கம்பியை எடுத்து முழங்காலில் வைத்து நிமிர்த்தினாள்.

"பயமா இருக்காப்பா?"

"ரொம்ப."

"எனக்கும். இந்த அளவு டேப்போட நுனியப் பிடிங்க."

வண்டிகளுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, பிடித்தேன்.