சன்னல் பக்கம் பண்டார் மலாக்கா

என் வீட்டுக்காரரின் பெயரை நான் சொல்ல மாட்டேன். புருஷன் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று என் அம்மா பழக்கிவிட்டாள். கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் ஆகியும் அந்தப் பெயர் என் வாயில் வந்ததில்லை. அதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், எங்கள் ஊரில் தொகுதி பிரிக்கிற வரைக்கும்.

மலாக்கா டவுனில், காஜா பெராங்கில், எங்கள் பலகை வீட்டுக்கு முன்பக்கம் ரோடு, பின்பக்கம் சந்து. ரோட்டைப் பார்த்த வாசல்தான் தலைவாசலாக இருந்தது. ஒரு வருஷம் இவருடைய சைக்கிள் கடையில் வியாபாரம் படுத்துவிட்டது. பங்சர் ஒட்டுகிற நேரத்தில் ஊர்க்கதை பேசினால் படுக்காமல் என்ன செய்யும்? ஆனால் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த ஒரு ஜோசியர், மேற்குப் பார்த்த வாசல் ஆகாது, சந்துப் பக்கம் கிழக்கே திறந்தால் பதவி வீடு தேடி வரும் என்று சொல்லிவிட்டார். மறுநாளே இவர் பின்னால் புது வாசல் வைத்தார். முன்வாசலில் ஆணி அடித்து, உள்பக்கம் துணி அலமாரியையும் நகர்த்தி வைத்தார். ரோட்டுப் பக்கச் சன்னலை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. காலையில் அதன் வழியாகத்தான் தோசை விற்றேன்.

சுதந்திரம் கிடைத்து, முதல் நாடாளுமன்றத்துக்குத் தேர்தல் வருகிறது என்று பேச்சு. ஐம்பத்தைந்து தேர்தலில் பெரிதாக இருந்த தொகுதியைப் பிரித்து, டவுனைப் பண்டார் மலாக்கா என்றும் அதைச் சுற்றியுள்ள இடங்களை மலாக்கா தெங்கா என்றும் ஆக்கினார்கள். இவருக்கு அதில் கிறுக்கே பிடித்துவிட்டது. டயர் மாற்ற வந்தவனை நிற்கவைத்து, கடைத் தரையில் சாக்பீஸால் எல்லை வரைந்து காட்டுவார். ஆறு எங்கே வளைகிறது, பத்து பெரெண்டாம் எந்தப் பக்கம், உஜோங் பாசிர் எந்தப் பக்கம் என்று எல்லாம் அவருக்கு மனப்பாடம். வந்தவன் சைக்கிளை மறந்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனதும் உண்டு.

அந்த எல்லை எங்கள் வரிசை வீடுகளின் முதுகை ஒட்டிப் போனது. ரோட்டைப் பார்த்த வீடு பண்டார் மலாக்கா. சந்துப் பக்கம் பார்த்த வீடு மலாக்கா தெங்கா. ஊருக்கே எல்லை சொன்ன மனிதர், தன் பாய் எந்தத் தொகுதியில் விரித்திருக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

வாக்காளர் பெயர் எழுத ரோட்டுப் பக்கம் வந்தவர் அலாவுதீன். ஜவுளிக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை, நன்றாகத் தமிழ் பேசுவார். சன்னலில் வந்து நின்றார்.

“அக்கா, ரெண்டு தோசை. அப்படியே வீட்ல உள்ளவங்க பேரு சொல்லுங்க. ஓட்டுக்கு எழுதணும்.”

“பூங்காவனம்.”

“வீட்டுக்காரர் பேரு?”

“அத எப்படி தம்பி நான் சொல்றது?”

“சொன்னாத்தான்லா எழுத முடியும்?”

“அவரு கடைக்குப் போயிட்டாரு. நாளைக்கு வந்து அவர்கிட்டயே கேட்டுக்குங்க.”

அலாவுதீன் சிரித்துக்கொண்டே என் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு போனார். அன்று சாயங்காலமே சந்துப் பக்கம் வேறொரு ஆள் வந்தார். அவர் மலாக்கா தெங்காவுக்கு எழுதுகிறவர். இவர் புது வாசலில் நெஞ்சை நிமிர்த்தி நின்று, இதுதான் தலைவாசல், முன்னால் இருப்பது வெறும் சன்னல் என்று பெருமையாகச் சொல்லித் தன் பெயரைக் கொடுத்தார். எந்தத் தொகுதிக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டில் வேறு யாரும் இருக்கிறார்களா என்று அந்த ஆள் கேட்டார்.

“பொம்பளதான் இருக்கா. அவளுக்கு எதுக்கு ஓட்டு?”

அடுப்படியில் இருந்த எனக்குச் சுருக்கென்றது. இருக்கட்டும் என்று மாவை ஆட்டினேன். மறுநாள் அலாவுதீன் சன்னலுக்கு வந்தபோது இவர் உள்ளே இருந்தபடியே கத்தினார்: “என் பேரு நேத்தே எழுதியாச்சு!”

தேர்தல் வந்தது. வக்கீல் கருணாகரன் பண்டார் மலாக்காவில் சுயேச்சையாக நிற்க முடிவு செய்தார். அவரை முன்மொழிந்து கையெழுத்துப் போட அந்தத் தொகுதி வாக்காளர் ஒருவர் வேண்டும். இவரைக் கேட்டார். ஜோசியர் சொன்ன பதவி வந்தேவிட்டது! இவர் புது வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டார். பசாரில் மீன்காரனிடம்கூடச் சொன்னார். சோடாக்கடை ஜெயபாலனிடம் மட்டும் தினமும் சொன்னார். முன்மொழிய ஜெயபாலனுக்கும் ஆசை இருந்தது. பாவம், அவருக்கு வழிமொழிகிற இரண்டாவது கையெழுத்துதான் கிடைத்தது.

மனு கொடுப்பதற்கு முதல் நாள் மாலை வக்கீல் சந்து வாசலில் வந்து நின்றார். முகம் சரியில்லை.

“அண்ணே, உங்க பேரு பண்டார் மலாக்காவுல இல்ல. மலாக்கா தெங்காவுல இருக்கு. நீங்க கையெழுத்துப் போட்டா என் மனுவையே தள்ளிருவாங்க.”

“நான் பொறந்து வளந்ததே டவுன்ல. எல்லை போட்டவனக் கூப்பிடுங்க, நான் பேசிக்கிறேன்!”

“எல்லை சரியாத்தான் இருக்கு. நீங்கதான் வாசல மாத்திட்டீங்க.” வக்கீல் தயங்கினார். “ஜெயபாலன் முன்மொழியிறேங்கிறாரு.”

இவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. நாளைக்கு எந்த முகத்தோடு வெளியே நடப்பார்? எனக்குப் பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது, அதை நான் ஒன்றும் மறைக்கவில்லை.

“அக்கா பேரு பண்டார் மலாக்காவுலதான் இருக்கு,” என்று சொல்லிவிட்டு வக்கீல் மெதுவாக நழுவினார்.

இவர் ஒரு சைக்கிள் மணியை எடுத்து, தேய்ந்து போகிற மாதிரி துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“இந்தா, நீ கையெழுத்துப் போடுவியா?”

“பொம்பளைக்கு எதுக்குங்க அதெல்லாம்?”

“தப்பாச் சொல்லிட்டேன். அந்த ஜெயபாலன் போட்டான்னா எனக்கு மானமே போயிரும், பூங்காவனம்.”

‘இந்தா’ என்பதைத் தவிர அவர் என்னை வேறு மாதிரி கூப்பிட்டதே இல்லை. என் பெயரை அவர் வாயால் கேட்டதும் மனசு இளகிவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

“போடுறேன். ஆனா பண்டார் மலாக்கா வாக்காளர் சந்து வழியாப் போகமாட்டா. முன்வாசலத் தொறந்துவிடுங்க.”

அலமாரியை நகர்த்திவிட்டுக் குறடை எடுத்தார். ஆணியைப் பிடுங்கப் பிடுங்க ஜோசியருக்கு வசவு விழுந்தது. மறுநாள் காலையில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன்வாசல் வழியாக ரோட்டில் இறங்கினேன். இவர் வெள்ளைச் சட்டையோடு எனக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தார்.

மனு வாங்குகிற இடத்தில் ஒரே கூட்டம். வேட்பாளர், முன்மொழிபவர், வழிமொழிபவர், கூட ஒரே ஒருவர் என்று வாசலில் போலீஸ்காரர் கண்டிப்பாக இருந்தார். வக்கீலும் நானும் ஜெயபாலனும் உள்ளே போனோம். இவரை மறித்து, நீங்கள் யார் என்று போலீஸ்காரர் கேட்டார். முன்மொழிபவர் என்று சொல்லியே பழகிய வாய், என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றது. இவர் கூட்டத்தோடு கூட்டமாக வெயிலில் ஒதுங்கினார்.

நான் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டேன். மேசையில் இருந்த கிளார்க் தமிழர்தான்.

“கூட ஒருத்தர் வரலாம். யாராவது இருக்காங்களா?”

ஜெயபாலன் தன் மச்சானைக் கூப்பிட வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

“இருக்காரு. வெளிய நிக்கிறாரு.”

“வெளிய ஊரே நிக்குதேம்மா. பேரச் சொல்லுங்க.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கதவுக்கு வெளியே, மடக்கிய குடையோடு, இவரும் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. அம்மா என்னை மன்னிக்கட்டும்.

“அப்பாசாமி!” என்றேன், ஜெயபாலனுக்கும் நன்றாகக் கேட்கும்படி. “என் வீட்டுக்காரர். உள்ள விடுங்க.”