கொட்டியது இருக்கட்டும்

பல் செட் செய்யும் பட்டறையில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். அவள் செய்து தரும் பல்லால் கல்லையும் கடிக்கலாம் என்பார்கள். வீட்டில் அவளுக்கென்று இருந்தது ஹாலின் பாதியை அடைத்துக்கொண்டு நின்ற கடல்நீர்த் தொட்டி. அதில் மீன்கள் பேருக்குத்தான். மற்றதெல்லாம் உயிருள்ள பவளங்கள். அண்ணன் டிவி பார்க்கக் கழுத்தை ஒடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. அந்தக் கோபம் அவருக்கு எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சரிந்து கிடந்த ஒரு கல்லை நிமிர்த்தி வைக்க அவள் வெறுங்கையைத் தொட்டிக்குள் விட்டாள். கையுறை அலமாரியில்தான் இருந்தது. ஒரு நிமிஷ வேலைதானே என்ற அலட்சியம். டார்ச் என்ற வகைப் பவளம் நீட்டிக்கொண்டிருந்த விரல்கள் மணிக்கட்டில் உரசின. நகக்கண் அளவுத் துண்டாக வாங்கி வந்து, அவளே ஒரு கைப்பிடி அளவுக்கு வளர்த்தது அது. சுள்ளென்று பிடித்தது. குழாயடிக்கு ஓடிக் கையைக் கழுவினாள், துண்டால் அழுத்தித் தேய்த்தாள். எரிச்சல் இரண்டு மடங்கானது. சாட்டையால் அடித்தது போல் சிவப்புத் தடிப்புகள் முழங்கை வரை எழும்பின.

கிளினிக்கில் இருந்த டாக்டரம்மா கையைப் பார்த்ததும் உச்சுக்கொட்டினார்.

"குழாய்த் தண்ணி பட்டா தோல்ல ஒட்டியிருக்கற கொடுக்கெல்லாம் இன்னும் வெடிக்கும்மா. தேய்ச்சாலும் அப்படித்தான். முதல்ல உப்புத் தண்ணியில அலசணும். ஒட்டியிருக்கறதை இடுக்கியால எடுக்கணும். அப்புறம் கை தாங்கற சூட்டுல வெந்நீர்ல ஊற வைக்கணும். எல்லாம் முடிஞ்சப்புறம்தான் சோப்பு."

களிம்பும் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். "முகம் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ யோசிக்காம ஓடி வந்துடுங்க."

வீட்டுக்கு வந்தால் அண்ணன் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"கைதான் உன் பொழப்பு! அந்தக் கையையே பதம் பார்த்துடுச்சு. இனிமே அந்தத் தொட்டி இந்த வீட்ல இருக்கக் கூடாது."

"இருக்கும்," என்றாள் பல்லக்கா.

"என்ன சொன்ன?"

"இருக்கும்னு சொன்னேன்ண்ணா. தப்பு என் மேல. கையுறை போடல. இனிமே போடுவேன்."

அண்ணி இரண்டு பேருக்கும் நடுவில் காபியை வைத்துவிட்டு நைசாக நழுவிவிட்டாள்.

மறுநாள் அண்ணனுக்கு விடுமுறை. அண்ணி வெளியே போயிருந்தாள். கட்டுப் போட்ட கையோடு பல்லக்கா வேலைக்குப் போனாள். பல் செட்டுக்கு அச்சு செய்யும் மெழுகைப் பிடிக்க முடியாமல் மதியமே திரும்பி வந்தவளுக்கு வாசலிலேயே ஒரு கவிச்சல் வாடை அடித்தது. சமையலறையில் அண்ணன் அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பெரிய பாத்திரத்தில் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. உள்ளே, தொட்டியிலிருந்து எடுத்த, பொத்தான் பவளம் என்ற வகை மொய்த்த கல்.

"ஒவ்வொண்ணா வேகவெச்சு எடுத்துட்டா கொட்டறதுக்கு எதுவும் இருக்காது பாரு. சின்னதுலேர்ந்து ஆரம்பிச்சிருக்கேன்," என்றார் பெருமையாக.

பொத்தான் பவளத்தில் விஷம் இருக்கலாம், கொதிக்க வைத்தால் அது ஆவியோடு மூச்சில் ஏறும் என்பது அவளுக்குத் தெரியும். வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுப்பை அணைத்தாள். அண்ணனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து வெளியே மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போய் வாசல் கதவை அறைந்து சாத்தினாள்.

"ஏய், என்னடி..." என்று ஆரம்பித்தவர் இருமினார். இருமல் நிற்கவில்லை. "நாக்கெல்லாம் கசக்குது," என்றார், பயத்தோடு.

ஆஸ்பத்திரியில் அவள் முதலில் சொன்னதே, "பவளத்தைக் கொதிக்க வெச்சு ஆவியைச் சுவாசிச்சுட்டார்" என்பதுதான். ஆக்சிஜன் வைத்தார்கள். காய்ச்சல் வந்து தணிந்தது. மறுநாள் மாலை அனுப்பினார்கள். வீடு நன்றாகக் காற்றாடும் வரை யாரும் உள்ளே போகவில்லை. பிறகு முகமூடி, கண்ணாடி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு பல்லக்கா அந்தக் கல்லைப் பிளீச்சிங் கரைசலில் முக்கி, பாத்திரத்தோடு கட்டி அப்புறப்படுத்தினாள்.

"என் பெரிய பாத்திரம்!" என்றாள் அண்ணி. மொத்த விவகாரத்திலும் அவள் வாய் திறந்து வருத்தப்பட்டது அதற்கு மட்டும்தான்.

அண்ணனுக்குக் குரல் திரும்பியதும் பழைய பாட்டு திரும்பியது. "இவ்வளவு விஷத்தை நடு வீட்ல வெச்சுக்கிட்டு எங்ககிட்ட மூச்சு விடல நீ."

"சொல்லாதது தப்பு. ஒத்துக்கறேன். அந்தப் பவளத்தை இனிமே வாங்க மாட்டேன். ஆனா தொட்டி போகாது."

"உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்!"

"லிஃப்ட் ரிப்பேருக்குன்னு நீ தினம் குழிக்குள்ள இறங்கற. போன வருஷம் தோள்பட்டை இறங்கி வந்து நின்ன. வேலையை விடுன்னு யாராவது சொன்னோமா? பெல்ட்டை மாட்டிக்கோன்னுதானே சொன்னோம்?"

"அது வேலை. இது பொம்மை விளையாட்டு."

அவள் முகம் சிவந்தது. "உனக்குப் பொம்மை. எனக்கு அப்படியில்ல. நாள் முழுக்க அடுத்தவங்க வாயை அளந்துட்டு வந்து அது முன்னாடிதான் நான் உட்கார்றேன். அது போனா நானும் போறேன். மிரட்டலுக்குச் சொல்லல. பட்டறைக்குப் பின்னாடி தெருவுல அறை பார்த்துட்டு வந்துட்டேன்."

அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி நிதானமாக, "போனா நானும் கூடப் போய் ரெண்டு நாள் இருந்துட்டு வருவேன்," என்றாள்.

அதன் பிறகு அவர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். டிவியைப் படுக்கையறைக்கு மாற்றினார். தொட்டியைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. சம்மதித்தார் என்றும் சொல்ல முடியாது.

பவளம் விற்ற மீன்தொட்டிக் கடைக்காரர் வந்து தொட்டியைப் பார்த்தார். "உங்களைக் கொட்டினதை நான் எடுத்துக்கறேன்க்கா. அமைதியான வகையா ரெண்டு தர்றேன்."

"வேண்டாம். கொட்டினது இருக்கட்டும். கை போகாத மூலைக்கு மாத்தி வைக்கப் போறேன், அவ்வளவுதான்."

தடிப்புகள் கறுத்து உதிர்ந்த பிறகு, தோள் வரை ஏறும் கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு அவள் தொட்டியைத் திறந்தாள். பக்கத்தில் ஒரு வாளி உப்புநீரும் இடுக்கியும் தயாராக இருந்தன. டார்ச்சை அடிக்கல்லோடு மெல்லத் தூக்கினாள். அதன் விரல்கள் கையுறையில் மோதிச் சுருங்கின.

"பார்த்து! கையை எடு, போதும்!" என்று படுக்கையறை வாசலில் இருந்து அண்ணன் கத்தினார்.

"எடுக்க மாட்டேன்," என்றாள் பல்லக்கா, திரும்பிப் பார்க்காமல். "வெச்சுட்டுத்தான் எடுப்பேன்."