அரைத் திருப்பு

காலை ஏழு இருபதுக்கு ஒரின்பாசர் ஹாலில் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்கு அருகே குனிந்து ஆட்டுத்தோல் போர்வையை விலக்கினார். உள்ளே கார் பேட்டரி இல்லை. ஓர் ஆட்டுத்தலை இருந்தது.

தலை பாதி இளகியிருந்தது. கண்கள் திறந்திருந்தன.

"டமெலி!"

மனைவி சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"கத்தாதீங்க. பால்கனியில இருக்கு."

"பால்கனியிலயா?"

"ஆமா. இறைச்சி இருந்த எடத்துல."

அவர் பால்கனிக் கதவைத் திறந்தார். குளிர் முகத்தில் அறைந்தது. குதிரை விலா எலும்புகளுக்கும் வெண்ணெய் டப்பாவுக்கும் நடுவில் பேட்டரி இருந்தது. அதன் மேல் மெல்லிய பனி படிந்திருந்தது. வெளியே மாட்டியிருந்த வெப்பமானி மைனஸ் முப்பத்தேழு காட்டியது.

"தலையை நேத்து மத்தியானமே எடுத்து உள்ள வெச்சிருக்கணும். மறந்துட்டேன்" என்றாள் டமெலி. "படுக்கப் போறப்ப ஞாபகம் வந்துச்சு. பாறையா கெடந்துச்சு. வீட்ல சூடான எடம் ஒண்ணே ஒண்ணு. அதுல யாரு படுத்திருந்தா? உங்க செல்லப் பிள்ள."

"என்னை எழுப்பியிருக்கலாம்ல?"

"எழுப்பினா விட்டிருப்பீங்களா?"

அவர் விட்டிருக்கமாட்டார்.

"சம்பந்தி முன்னால தலை வைக்காம விருந்து வைக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க" என்றாள். "வாலும் ஈரலும் ஊட்டாம நிச்சயம்னு சொல்ல முடியுமா?"

"சம்பந்தி வீட்டுக்கு வந்து சேர்ந்தாத்தானே ஊட்டுறதுக்கு!"

"வராம எங்க போவாங்க? டாக்ஸி இருக்கு."

அவர் மனைவியைப் பார்த்தார். முப்பத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவள். இவளா இப்படிப் பேசுகிறாள் என்பது போல் பார்த்தார்.

"சம்பந்தியை டாக்ஸியில கூட்டிட்டு வந்தவன்னு நாளைக்கு நாலு பேர் சொல்லணும். அதானே?"

"அப்ப போய் எதையாவது பண்ணுங்க. ரயில் எட்டு அம்பதுக்கு."

மகன் அல்தியார் சுரங்கத்தில் நில அளவையாளன். தெற்கே தராஸ் நகரத்துப் பெண் ஒருத்தியை விரும்பினான். பெயர் ஜனெர்க்கே, பல் மருத்துவர். கல்யாணம் ஆனால் அவள் இந்தக் கரகாண்டாவுக்கு வரவேண்டும். தராஸில் ஜனவரியிலும் கோட்டுப் பொத்தானைத் திறந்துவிட்டுத்தான் நடப்பார்கள். பெண்ணின் அப்பா வாலிகானுக்கு அதுதான் கவலை. பையன் நல்லவன், குடும்பம் நல்ல குடும்பம், ஊர்தான் சரியில்லை என்று நினைத்தார். மே மாதம் ஒரின்பாசர் அவர்களை அழைத்தபோது வாலிகான் போனில் சொன்னார்:

"மே மாசத்துல எல்லா வீடும் நல்ல வீடுதான். நான் ஜனவரியில வந்து பாக்குறேன். பாத்துட்டுத்தான் சரியா இல்லையான்னு சொல்லுவேன்."

"தாராளமா வாங்க. மைனஸ் நாப்பதுல வாங்க" என்றார் ஒரின்பாசர். "என் கார் அரைத் திருப்புல கிளம்பும். உங்க பொண்ணு ஒரு நிமிஷம் குளிர்ல நிக்கமாட்டா. என் வார்த்தை."

வார்த்தையில் பொய் இல்லை. அவர் முப்பத்தோரு வருடம் சுரங்கத்தின் விளக்கறையில் வேலை பார்த்தவர். ஆயிரத்து இருநூறு தலைவிளக்குகள். ஒவ்வொன்றின் பேட்டரியையும் தினமும் துடைத்து, சார்ஜ் ஏற்றி, எண் பார்த்து மாட்டுவார். அவர் கொடுத்த விளக்கு எதுவும் பூமிக்கடியில் அணைந்ததில்லை. ஓய்வு பெற்றபின் அந்த ஆயிரத்து இருநூறின் கவனமும் ஒரே பேட்டரி மேல் இறங்கியது. மைனஸ் இருபத்தைந்து ஆனதும் அதைக் கழற்றி நான்கு மாடி ஏறி வீட்டுக்குக் கொண்டுவருவார். முனைகளைத் தேய்ப்பார். இரவு முழுக்கச் சார்ஜில் போடுவார். ஆட்டுத்தோலால் மூடுவார். டமெலிக்குக் காய்ச்சல் வந்த வருடம் அந்தத் தோலைக் கேட்டாள். வேறு போர்வை கொடுத்தார்.

அக்டோபரில் அல்தியார் சொன்னான்: "அப்பா, ஏழு வருஷம் ஆச்சு. மாத்திடலாம். நான் வாங்கித் தரேன்."

"பேட்டரி தானா சாகாதுடா. கவனிக்காம விட்டுக் கொல்றாங்க. இதை நான் கவனிக்கிறேன்."

ஏழே முக்காலுக்கு அவர் பேட்டரியைத் தன் கோட்டுக்குள் வைத்து, பொத்தான் போட்டு, படியிறங்கினார். எதிரே வந்த கீழ்வீட்டுக்காரர் வழிவிட்டார். மார்பில் அந்தக் குளிர் ஊடுருவியது. தன் உடம்புச் சூட்டில் அது சற்றுத் தெளியும் என்று நினைத்தார். பதினெட்டுக் கிலோ ஈயம் நான்கு மாடியில் தெளியாது என்பது விளக்கறைக்காரருக்குத் தெரியும். ஆனாலும் நினைத்தார்.

காரில் சிவப்பு முனையை முதலில் மாட்டினார். பிறகு கறுப்பு. சாவியைத் திருப்பினார்.

என்ஜின் ஒருமுறை புரண்டது. இரண்டாம் முறை பாதியில் நின்றது. முன்பலகை விளக்குகள் மங்கின.

மூன்று முறைக்கு மேல் முயலக்கூடாது, பேட்டரி செத்துவிடும் என்று இந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர்தான் சொல்லியிருக்கிறார். அவர் ஒன்பது முறை முயன்றார்.

ஒன்பதாவது முறை 'டிக்' என்ற ஓசை மட்டும் கேட்டது.

எட்டு மணிக்கு ராகிலாவின் கார் வளாகத்துக்குள் வந்தது. ஆம்புலன்ஸில் செவிலி. இரவுப் பணி முடிந்து வருகிறாள். இரண்டாம் மாடி. அவளைக் கண்டதும் ஒரின்பாசர் என்ஜின் மூடியை இறக்க நினைத்தார். நேரமாகிவிட்டது. அவள் பார்த்துவிட்டாள்.

போன செவ்வாய் இதே இடத்தில் அவள் அவரிடம் நெருப்புக் கேட்டாள். ஒரு காரின் பேட்டரியிலிருந்து இன்னொன்றுக்குக் கேபிள் போட்டுக் கிளப்புவதை இங்கே நெருப்புக் கொடுப்பது என்பார்கள். இந்தக் குளிரில் கேட்டவருக்கு இல்லை என்று யாரும் சொல்வதில்லை. ஒரின்பாசர் சொன்னார். நெருப்புக் கொடுத்தால் கொடுக்கிறவர் பேட்டரிதான் கெடும் என்றார். பேட்டரியைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவர்கள் பஸ்ஸில் போகலாம் என்றும் சொன்னார். அவள் பஸ்ஸில் போனாள்.

ராகிலா கண்ணாடியை இறக்கினாள். என்ஜினை அணைக்கவில்லை.

"என்ன அண்ணே, காத்தாட நிக்கிறீங்க?"

"சும்மாதான். முனையைப் பாத்தேன்."

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு."

"சரிண்ணே." கண்ணாடி ஏறத் தொடங்கியது.

"ராகிலா."

கண்ணாடி நின்றது.

"சம்பந்தி வர்றாங்க. எட்டு அம்பது ரயில்ல. தராஸ்லேர்ந்து."

"அப்படியா! நல்ல விஷயம்." அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "ஒன்பதாம் நம்பர் பஸ் இன்னும் அஞ்சு நிமிஷத்துல வரும்ணே."

அவர் தன் பூட்ஸைப் பார்த்தார்.

"ஐயோ, மூஞ்சியப் பாருங்க! சும்மா சொன்னேன்ணே. மூடியத் திறங்க." காரை எதிரெதிராக நிறுத்திக் கேபிளோடு இறங்கினாள்.

"சிவப்பு முதல்ல" என்றார் ஒரின்பாசர்.

"தெரியும்."

"கறுப்பை என் பேட்டரியில மாட்டாதே. இரும்புல மாட்டு. என்ஜின்ல."

"அண்ணே, போன வாரம் பஸ் ஸ்டாப்புல நாப்பது நிமிஷம் நின்னேன். இதெல்லாம் யோசிக்க நெறைய நேரம் கெடச்சுது."

பத்து நிமிடம் காத்திருந்தார்கள். அவள் தெர்மாஸிலிருந்து பால் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். பிறகு அவர் சாவியைத் திருப்பினார். என்ஜின் இருமியது, உதறியது, பிடித்துக்கொண்டது.

ராகிலா கேபிளைச் சுருட்டினாள். "ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க. போய்ட்டுத் திரும்பி வீட்டு வாசலுக்கு வர்ற வரைக்கும் அணைக்காதீங்க. உள்ள இருக்கறது பேட்டரி இல்ல, பொணம். நான் தினம் பாக்குறவ. எனக்குத் தெரியும்."

"குளிர்ந்து போச்சு, அவ்வளவுதான். போற வழியில சார்ஜ் ஏறிடும்."

"குளிர்ந்த பேட்டரியில சார்ஜ் ஏறாதுன்னு போன செவ்வாய் யாரோ சொன்னாங்களே?"

அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

நிலையத்துக்குப் பதினைந்து நிமிடம். முன்விளக்கு, பின்கண்ணாடிச் சூடு, ஹீட்டர், எல்லாம் போட்டிருந்தார். வண்டியின் உட்புறம் வெதுவெதுப்பானது. வாசலுக்கு எதிரே நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, உதிரிச் சாவியால் கதவைப் பூட்டிவிட்டு மேடைக்குப் போனார்.

வாலிகான் மெல்லிய கம்பளிக் கோட்டில் இறங்கினார். அவர் மனைவி கென்ஜெகுல் மூன்று சால்வை போர்த்தியிருந்தாள். ஒரின்பாசர் இருவரையும் மார்போடு தழுவினார். நலம் விசாரித்தார். ஆடுமாடு நலம், பிள்ளைகள் நலம், வழியில் நலம். அதற்குள் வாலிகானின் மீசை பனி படிந்து வெளுத்துவிட்டது.

"மூக்குக்குள்ள ஏதோ ஒட்டிக்குது சம்பந்தி" என்றார் வாலிகான்.

"முதல் நாள் அப்படித்தான் இருக்கும். அறுபது அடிதான், வாங்க."

கென்ஜெகுல் பேசவில்லை. மேடையில் நடந்த இளம்பெண்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவர்கள் கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேகமாகப் போனார்கள்.

கார்க் கதவைத் திறந்ததும் சூடு வந்து அவர்கள் முகத்தைத் தொட்டது. வாலிகான் முன்னிருக்கையில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றினார். தொப்பியைக் கழற்றினார். கோட்டுப் பொத்தானையும் திறந்துவிட்டார்.

"அடேயப்பா!" என்றார். பின்னால் திரும்பினார். "பாத்தியா கென்ஜெ? நம்ம வீட்டைவிடச் சூடு. நீ என்னவோ அழுதே."

"நான் எங்க அழுதேன்?" என்றாள் அவள். ஒரு சால்வையை அவிழ்த்தாள்.

ஒரின்பாசர் அதைக் கண்ணாடியில் பார்த்தார். ஒரு சால்வை குறைந்தது.

"சொன்னேன்ல சம்பந்தி" என்றார்.

"சொன்னீங்க. நான்தான் நம்பல. மனசுல வெச்சுக்காதீங்க." வாலிகான் சிரித்தார். உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார். "என் பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர் இங்க ராணுவத்துல இருந்தவரு. அவரு பயமுறுத்தி விட்டுட்டாரு. அங்க வண்டியை அணைக்கவே மாட்டாங்க, அணைச்சா மறுபடி கிளம்பாது, எல்லாரும் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு என்ஜினை ஓடவிட்டுக்கிட்டே இருப்பாங்கன்னாரு. பாருங்க, நீங்களும் ஓடவிட்டுத்தான் வெச்சிருக்கீங்க."

கேலியில்லை. பார்த்ததைச் சொன்னார்.

ஒரின்பாசரின் கை ஸ்டியரிங்கில் இருந்தது. முதல் கியர் போட்டுக் கிளம்பியிருக்கலாம். பதினைந்து நிமிடத்தில் வீடு. கொதிக்கும் பானை. வாலும் ஈரலும்.

"உங்களுக்குச் சூடா இருக்கட்டுமேன்னுதான் ஓடவிட்டேன்" என்றார். "பயமா? எனக்கா?"

"நான் உங்களைச் சொல்லல சம்பந்தி."

"இல்ல, பாத்துக்கங்க. உங்க பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட போய்ச் சொல்லணும்ல."

சாவியைத் திருப்பினார். என்ஜின் நின்றது. ஹீட்டர் காற்றும் நின்றது. சட்டென்று வெளியின் ஓசைகள் கேட்டன. ஒலிபெருக்கி. பனியில் யாரோ நடக்கும் கறகற ஓசை.

"இப்ப பாருங்க. அரைத் திருப்பு."

டிக்.

"ஒரு நிமிஷம்" என்றார் ஒரின்பாசர்.

டிக்.

வாலிகான் மரியாதைக்காக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜன்னலின் கீழ் ஓரத்தில் பனி ஏறத் தொடங்கியிருந்தது. சற்று நேரம் அதைப் பார்த்தார். பிறகு கோட்டின் மேல் பொத்தானைப் போட்டார்.

"ரொம்ப தூரம் வந்தீங்களே, ரயில்ல தூங்குனீங்களா?" என்று கேட்டார் ஒரின்பாசர்.

"தூங்குனோம், தூங்குனோம்."

டாக்ஸி ஓட்டுநர் ஒருவன் குனிந்து கண்ணாடியைத் தட்டினான். கையில் கேபிள் இருந்தது. "நெருப்பு வேணுமா அண்ணே?" என்ற சத்தம் கண்ணாடிக்குள் மங்கலாகக் கேட்டது.

ஒரின்பாசர் கையை அசைத்து வேண்டாம் என்றார். ஓட்டுநர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனான்.

"யாரு அது?" என்றார் வாலிகான்.

"தெரிஞ்ச பையன். வணக்கம் சொல்லிட்டுப் போறான்."

இருவர் வாயிலிருந்தும் ஆவி வந்தது. வாலிகான் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். இரண்டாவது பொத்தான், மூன்றாவது பொத்தான். பின்னிருக்கையில் சால்வை உதறும் சத்தம் கேட்டது. ஒரின்பாசர் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

கென்ஜெகுல் முதன்முறையாக அவரிடம் பேசினாள். குரல் மிகவும் தன்மையாக இருந்தது.

"சம்பந்தி, தராஸுக்குத் திரும்பிப் போற ரயில் எத்தனை மணிக்கு?"