யாருக்கு அந்தப் பாய்

எங்கள் டோங்கா தீவுகளில், வயதுக்கு வந்த அண்ணனும் தங்கையும் ஒரே அறையில் உட்கார்ந்து டிவி கூடப் பார்க்க மாட்டார்கள். அவ்வளவு மரியாதை. அந்த மரியாதையை நினைத்தாலே இப்போது எனக்குக் குமட்டுகிறது.

கலோலைனுக்குப் பன்னிரண்டு வயது. அம்மா ஆஸ்திரேலியாவில் பழம் பறிக்கப் போயிருப்பதால் பெரியம்மா வீட்டில் இருக்கிறாள். ஐந்து நாளாகப் பள்ளிக்கூடம் வரவில்லை என்று டீச்சர் சொன்னார். தீவுக்கு நான் ஒருத்திதான் நர்ஸ், பார்க்கப் போனேன்.

பெரியம்மா வைசியோவா வாசலில் உட்கார்ந்து பாய் முடைந்துகொண்டிருந்தாள். முற்றத்தில் அவள் மகன் லிசியாதே மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான். அவனைக் கண்ணால் காட்டிவிட்டு, தன் அடிவயிற்றைத் தொட்டாள். பெண் பெரியவளாகிவிட்டாள் என்பதை அப்படித்தான் சொன்னாள். பிள்ளைக்கு வயது வருகிற சமயம் என்று போன மாதமே நான் அவளுக்குக் கொடுத்தனுப்பிய நாப்கின் பாக்கெட் எங்கே என்று கேட்டேன். அண்ணன்காரன் கண்ணில் பட்டுவிடும் என்று அடுப்பில் போட்டுவிட்டாளாம்.

உள்ளே போனால் நாற்றம். ஒரே ஒரு கந்தல் துணி, துவைத்துக் காயப்போட வழியில்லாமல் மெத்தைக்கு அடியில் பூஞ்சை பூத்துக் கிடந்தது. அதில் ஈ மொய்த்தது. ரத்தம் எனக்குப் பழக்கம், அது அருவருப்பில்லை. அந்தத் துணியை உள்ளே விட்டெறிந்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போன கை இருக்கிறதே, அதுதான் அருவருப்பு.

பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தது. மூன்று நாளாகச் சாப்பாட்டைத் தொடவில்லை. தலையைத் தடவியதும் மெல்லக் கேட்டாள்.

"ஃபூசி அக்கா, அந்தப் பாய் எப்ப முடியும்?"

"ஏன் கண்ணு?"

"என்னைச் சுத்திப் புதைக்கத்தானே முடையறாங்க?"

எங்கள் ஊரில் பிணத்தைப் பாயில்தான் சுற்றுவோம். ரத்தம் போகிறது, வீடே குசுகுசுக்கிறது, பெரியம்மா விடாமல் பாய் முடைகிறாள். பிள்ளை தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது.

வந்த ஆத்திரத்தில் முற்றம் வரை கேட்கிற மாதிரியே பேசினேன். "நீ சாகலடி. வயசுக்கு வந்திருக்க. எனக்கும் வந்துச்சு, உங்கம்மாவுக்கும் வந்துச்சு, உன் பெரியம்மாவுக்கும் வந்துச்சு. ரெண்டு நாள்ல நின்னுடும், மாசாமாசம் வரும். அந்தப் பாய் பாதிரியார் மக கல்யாணத்துக்கு."

வெளியே கிழங்கு சீவுகிற சத்தம் நின்றது. லிசியாதே எழுந்து வேலியைத் தாண்டிப் போய்விட்டான். வைசியோவா உள்ளே ஓடி வந்தாள். பிள்ளையைப் பார்க்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

"அவன் காதுல விழுந்துடுச்சா?" என்று கேட்டாள்.

காறித் துப்பலாம் போல இருந்தது. அதற்குள் எனக்குப் பின்னால் பிள்ளை எழுந்து உட்கார்ந்தது.

"பெரியம்மா, பசிக்குது."